தாயில்பட்டி எண்ணெய் வயல்

வரிசை இல்லாத இடத்தில் போய் நிற்கிற புத்தி பெத்தணனுக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் வரிசை நீளமாக இருந்தால்தான் உள்ளே ஏதோ கொடுக்கிறார்கள் என்று நம்புகிற மனுஷன் அவர். அது ஒரு திங்கட்கிழமை. சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வந்த கூட்டம் வேப்பமரத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வாடகைக் கட்டிடம், அதன் வாசலில் ஒரு மேசை, நாலு நாற்காலி, நன்றாகச் சுற்றுகிற மின்விசிறி. மனுக் கொடுக்க ஒரு ஈ காக்கா இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பொண்ணு பிரீத்திகா எழுந்து நின்று, "ஐயா, இங்கன வாங்க, நாங்களும் மனு வாங்குவோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அரசாங்க மேசைக்குப் பின்னால் இருந்து ஒரு கும்பிடு வந்தால் எவனுக்குத்தான் கால் நிற்கும். பெத்தணன் ரோட்டைக் கடந்து போனார்.

அந்த அலுவலகத்தின் பெயர் முதிர்கிணறு மறுமலர்ச்சி இயக்ககம். வயதாகிப் போன எண்ணெய்க் கிணறுகளுக்குள் தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்தி, அடியில் இருக்கிற பாறையைப் பிளந்து, ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச எண்ணெயையும் கறந்துவிடுவது அதன் வேலை. மாவட்டத்துக்கு ஒரு கிளை என்று மேலிடத்தில் முடிவானதால் விருதுநகருக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. இந்த மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபத்தெட்டுப் பேருக்கு வேலை கிடைத்திருக்காது. இருபத்தெட்டு ஊழியர், மூன்று ஜீப்பு, ஆண்டு இலக்கு ஒரே ஒரு கிணறு. ஒன்பது வருஷமாக அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும், 'தகுதியுள்ள கிணறு எதுவும் முன்வரவில்லை' என்று மேலே ஒரு கடிதம் போகும். மேலேயிருந்து, 'அடுத்த ஆண்டு முனைப்புடன் செயல்படவும்' என்று பதில் வரும்.

பெத்தணன் எழுதிக்கொண்டு போன மனு நாலே வரி. பதினோரு வருஷமாகக் கரண்டு இணைப்புக்குக் காத்திருக்கிறேன். டீசல் எஞ்சின் போட்டுக் கம்ப்ரசரில்தான் தண்ணீர் எடுக்கிறேன். இப்போது என் போர்க் கிணற்றில் எண்ணெய் வருகிறது. மிளகாய்ச் செடியைக் காப்பாற்ற உடனே இணைப்புத் தர வேண்டும். மூன்றாவது வரிக்கு வந்ததும் பிரீத்திகா சட்டென்று எழுந்தாள். மனுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தமும், "ஜீப்புக்கு டீசல் இருக்கா பாருங்கப்பா" என்ற குரலும் வாசல் வரை கேட்டது. நம்ம மனுவுக்கு இம்புட்டு மரியாதையா என்று பெத்தணன் உள்ளுக்குள் பூரித்துப் போனார்.

கம்ப்ரசர் சங்கதி தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போர்க் குழிக்குள் ஒரு குழாய் வழியே காற்றை அடித்தால் இன்னொரு குழாய் வழியே தண்ணீர் குபுக் குபுக்கென்று மேலே வரும். கம்ப்ரசருக்குள் இருக்கிற ரிங் தேய்ந்துவிட்டால், அதற்கு ஊற்றுகிற ஆயில் காற்றோடு கிளம்பிப் போய்த் தண்ணீரில் மிதக்கும். தாயில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். ரிங்கை மாற்றினால் சரியாகிவிடும், ஆறு மாதத்தில் மறுபடியும் தேயும். கரண்டு வந்தால் மோட்டாரை இறக்கிக்கொள்ளலாம், கம்ப்ரசரே வேண்டாம். அதற்காகத்தான் பெத்தணன் கரண்டு கேட்டார்.

கேட்டதற்கு வீட்டில் ஒரு காரணமும் இருந்தது. அவருடைய மனைவி மாரித்தாய் பன்னிரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவள். போன சீசனில் பக்கத்து அறை வெடித்து நாலு பேர் போய்விட்டார்கள். இவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இனிமே நீ அங்கன போக வேண்டாம், மூணு ஏக்கர்லயும் மிளகாயைப் போட்டு நான் காப்பாத்துதேன்" என்று பெத்தணன் வாக்குக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் எல்லா போரும் வற்றிப் போயிருக்க, அறுநூற்று நாற்பது அடி ஆழத்தில் அவருடைய போர் மட்டும்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது செடி பூவெடுக்கிற நேரம். இந்த மூன்று வாரம் தண்ணீர் பாய்ந்தால் வத்தல் விருதுநகர் மார்க்கெட்டுக்குப் போகும். பாயாவிட்டால் மாரித்தாய் மறுபடியும் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமையே மூன்று ஜீப்பும் வந்துவிட்டன. இணை இயக்குநர் கனகசபாபதி இறங்கினார். ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கிற, நெற்றி நிறைய விபூதி பூசிய மனுஷன். கூடவே பொறியாளர் தருண்குமார், கையில் பரிசோதனைப் பாட்டில்களோடு. பெத்தணன் எஞ்சினைச் சுற்றிவிட்டார். தொட்டியில் விழுந்த தண்ணீரின் மேல் ஏழு வண்ணத்தில் ஒரு படலம் பரவியது. கனகசபாபதி அதை விரலால் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, கண் கலங்கினார்.

"சார், இது கம்ப்ரசர் ஆயிலு. ரிங்கு தேஞ்சு போச்சு, அம்புட்டுதான்" என்றார் பெத்தணன்.

தருண்குமார் குறிப்பேட்டில், 'நில உரிமையாளரின் சொந்தக் கருத்து: ரிங்' என்று எழுதிக்கொண்டான்.

"அண்ணாச்சி" என்று கனகசபாபதி அவர் தோளில் கை போட்டார். "நீங்க விவசாயி. மண்ணுக்கு மேல இருக்கறதைப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிடுவேன். மண்ணுக்குக் கீழ இருக்கறது அரசாங்கத்தோடது. அதைப் பத்தி அரசாங்கம்தான் சொல்லணும். நீங்க சொன்னா அது வதந்தி."

பத்து நாளில் பரிசோதனை அறிக்கை வந்தது. பூமியிலிருந்து வரும்போதே சுத்திகரிக்கப்பட்ட நிலையில் வருகிற அபூர்வ எண்ணெய் இது, இதை அப்படியே கம்ப்ரசருக்கு ஊற்றலாம் என்று அதில் கண்டிருந்தது. ஒரே குறை, நாளொன்றுக்கு இருநூறு மில்லிதான் கிடைக்கிறது. கிணற்றுக்கு வயது பதினெட்டு என்பதால் அது முதுமைத் தளர்ச்சி என்று முடிவானது. பாறையைப் பிளந்து உற்பத்தியைப் பெருக்க ஏற்ற கிணறு என்று கோப்பு மேலே போனது. மேலிருந்து வாழ்த்துத் தந்தி ஒன்றுதான் வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது.

அதோடு கிணற்றடியில் ஒரு பலகையும் வந்தது. எண்ணெயோடு சேர்ந்து வெளிவருகிற தண்ணீர் கழிவுநீர் என்றும், அதைப் பயிருக்குப் பாய்ச்சுவதோ வீட்டுக்கு எடுப்பதோ குற்றம் என்றும் அதில் எழுதியிருந்தது. மாரித்தாய் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அப்ப அந்தத் தண்ணிய என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"பத்திரமா அப்புறப்படுத்துவோம்மா. டெண்டர் விட்டிருக்கு" என்றான் தருண்குமார்.

"எங்க செடி?"

"செடி எங்க துறையில வராதுங்கம்மா."

அன்றிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் இயக்ககத்து ஆட்களே எஞ்சினை ஓட்டி, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து அளந்தார்கள். தண்ணீரைத் தார்ப்பாய் விரித்த ஒரு குழியில் விட்டுச் சுற்றிலும் கயிறு கட்டி, ஒரு காவல்காரரையும் போட்டார்கள். பூவெடுத்த மிளகாய் குழிக்குப் பத்தடி தள்ளி வாடிக்கொண்டு நின்றது. காவல்காரர் காலையில் டீ குடிக்கப் போகிற கால் மணி நேரத்தில் மாரித்தாய் குனிந்து குனிந்து ஓடி, தன் நிலத்துத் தண்ணீரைக் குடத்தில் திருடிக்கொண்டு வந்து ஊற்றினாள். பெத்தணனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

எரிச்சலில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெய் வந்தால்தானே இந்தத் தொல்லை? எண்ணெயையே நிறுத்திவிட்டால்? கம்ப்ரசர் மெக்கானிக் பாண்டிமுருகனைக் கூட்டிவந்து, ஞாயிற்றுக்கிழமை லீவு பார்த்து, புது ரிங் போட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. புருஷனும் பொண்டாட்டியும் வாய்க்காலில் நின்று நாள் முழுக்கப் பாய்ச்சினார்கள். செடி தலை நிமிர்ந்ததைப் பார்த்து மாரித்தாய் பல மாதம் கழித்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை அளவு பூஜ்யம். செவ்வாய்க்கிழமையும் பூஜ்யம். புதன்கிழமை நோட்டீஸ் வந்தது, நாட்டின் எண்ணெய் உற்பத்தியை உள்நோக்கத்துடன் தடை செய்ததாக. பின்னாலேயே கனகசபாபதியும் வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

"ஒன்பது வருஷம் அண்ணாச்சி. ஒன்பது வருஷம் கிணறு இல்லாம சம்பளம் வாங்கியிருக்கோம். அது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. என் சம்சாரம் தெனமும் கேக்கா, ஆபீஸ்ல என்ன வேலைன்னு. இப்பத்தான் அவகிட்டச் சொல்லியிருந்தேன்."

"சார், அந்த ரிங்கை மாத்துனா எண்ணெய் நிக்குதுல்ல. அப்ப எண்ணெய் எங்கேருந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க."

கனகசபாபதி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். பிறகு தருண்குமாரைப் பார்த்து, "எழுதிக்கோங்க, ரிங் பழசா இருக்கும்போதுதான் கிணறு ஒத்துழைக்குது" என்றார். பழைய ரிங்கையே மாட்டும்படி எழுத்துமூலம் உத்தரவு போட்டுக் கொடுத்தார். பாண்டிமுருகன் அதைக் கழற்றி எறிந்த குப்பையில் தேடியெடுத்துத் துடைத்து மாட்டினான். "தேஞ்ச ரிங்குக்கு ஆர்டர் வாங்குனது இதான் மொதத் தடவண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

அடுத்த சிக்கல் தூரக் கணக்கில் வந்தது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் பாறையைப் பிளக்கக் கூடாது என்று இயக்ககத்தின் விதிப் புத்தகத்திலேயே இருந்தது. கிணற்றுக்கு வடக்கே நூற்றெண்பதாவது மீட்டரில் ஒரு கம்பெனி இருந்தது. மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில் வடை தீர்ந்த பிறகு, வரைபடத்தில் கிணற்றை நூற்றிருபது மீட்டர் தெற்கே நகர்த்திவிடலாம் என்று ஒருமனதாக முடிவானது. நகர்த்தியதில் அது கண்மாய்க்கு நடுவில் போய் விழுந்தது. கண்மாய்க்குள் இருக்கிற கிணற்றுக்குப் போய்வரப் படகு வேண்டும் என்று விதி. ஆகையால் ஒரு படகும் வந்து இறங்கியது. நாலு வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காத கண்மாயில், சீமைக்கருவேல மரத்தில், அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். படகோட்டி ஒருவரும் நியமிக்கப்பட்டார். அவர் தினமும் வந்து படகுக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பிளக்கிற நாளும் வந்தது. விடிந்ததிலிருந்து தண்ணீர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தாயில்பட்டிக்குள் நுழைந்தன. நாற்பது லாரி, லாரிக்குப் பத்தாயிரம் லிட்டர். எட்டு நாளுக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊர் அது. பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் நின்ற அய்யம்மாள், "எல்லாருக்கும் ரெண்டு கொடமாச்சும் குடுப்பீகளா?" என்று தருண்குமாரிடம் கேட்டாள்.

"இது குடிக்கிற தண்ணி இல்லைங்கம்மா. பூமிக்கு உள்ள விடுறதுக்கு."

"நல்ல தண்ணிதானய்யா?"

"ரொம்ப நல்ல தண்ணி. உப்புத் தண்ணி விட்டா கிணறு கெட்டுப் போகும்" என்றான் அவன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. லாரிக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக ஒரு வெள்ளைப் பொடியும் இறங்கியது. மணலைக் கிணற்றுக்குள் மிதக்கவைத்துக் கொண்டுபோகிற ரகசிய மருந்து அது. என்ன மருந்து என்று மாரித்தாய் கேட்டதற்கு, கொத்தவரை விதையில் எடுத்த பிசின் என்றான். "தண்ணியும் எங்களுக்கு இல்ல, கொத்தவரங்காயும் எங்களுக்கு இல்ல. கெணறு மட்டும் நல்லாத் திங்குது" என்றாள் மாரித்தாய்.

பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மைக் கட்டி, பெத்தணனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கனகசபாபதி பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. எங்கள் இயக்ககத்தின் மீது இதுவரை ஒரு குற்றச்சாட்டும் வந்ததில்லை. காரணம், நாங்கள் இதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. இன்று அந்த நிலை மாறுகிறது. இருநூறு மில்லிதானே என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணெய் எவ்வளவு என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு அழுத்தம் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி. அழுத்தத்துக்குத்தான் எங்களுக்கு நிதி வருகிறது. எண்ணெய்க்கு அல்ல. இந்தக் கிணறு எங்களுக்கு ஒத்துழைத்தது போல இந்த மாவட்டத்தின் எல்லாக் கிணறுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

ஊழியர்கள் இருபத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள். கம்ப்ரசர் குழாய்களை உருவிவிட்டுக் கிணற்றின் வாயில் இரும்பு மூடியை முறுக்கினார்கள். ஏழு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் உறுமின. லாரி லாரியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பெத்தணனுக்கு உள்ளங்கால் வழியே நடுக்கம் ஏறியது. மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு, அடியில் எங்கோ, டம் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஆனால் மாரித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பெத்தணன் சால்வையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டார்.  மேடையில் இருந்தவர்கள் பிளந்துவிட்டது என்று எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மறுபடியும் கம்ப்ரசரைப் பூட்டி எஞ்சினைச் சுற்றினார்கள். குழாய் இருமியது. காற்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கால் மணி நேரம் கழித்துக் காற்றோடு சேர்ந்து கருப்பாகப் புகை மாதிரி எண்ணெய் பீய்ச்சி அடித்தது. கனகசபாபதியின் வெள்ளைச் சட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"முன்னாடி ஆயிரம் பங்கு தண்ணிக்கு ஒரு துளி எண்ணெய். இப்பப் பாருங்க, தண்ணிக் கலப்பே இல்லை. நூத்துக்கு நூறு எண்ணெய்" என்றான் தருண்குமார். 

"தண்ணி எங்க சார்?" என்றார் பெத்தணன்.

"போயிருச்சு அண்ணாச்சி. தண்ணிதான் உங்க கிணத்தோட நோயே" என்றார் கனகசபாபதி.

பாண்டிமுருகன் மட்டும் பெத்தணனைத் தனியே இழுத்து, "அண்ணே, பாறை பொளந்த வளியா ஊத்து எங்கயோ கீள எறங்கிருச்சு. லாரித் தண்ணியும் கூடவே போயிருச்சு. இனி வராது" என்று சொன்னான். பெத்தணன் அவனை நம்பவில்லை. நம்ப மனசு வரவில்லை.

ஆண்டு இலக்கு முடிந்துவிட்டதால் இயக்ககத்துக்கு இனி அந்தக் கிணற்றில் வேலை இல்லை. பலகையை எடுத்துவிட்டுக் கிணற்றைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும் என்றும் தருண்குமார் தாளை நீட்டினான். பெத்தணன் வாசித்தார். 'என் நிலத்துக் கிணற்றுக்கு இயக்ககம் வழங்கிய நான்கு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்.' பெத்தணன் நிமிர்ந்து செடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"போடலைன்னா?"

"போடலைன்னா தண்ணி வந்து சேரலைன்னு ஆயிரும் அண்ணாச்சி. நாற்பது லாரியும் மறுபடி வரணும். மறுபடி பிளக்கணும்" என்றார் கனகசபாபதி, வருத்தத்தோடு. "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வேற சத்தம் ஆகாது போலிருக்கு."

பெத்தணன் கையெழுத்துப் போட்டார். ஜீப்புகளும் லாரிகளும் போய், தூசி அடங்கி, ஊர் அமைதியான பிறகு அவர் கிணற்றின் வாயைத் திறந்து ஒரு கல்லைப் போட்டார். முன்னெல்லாம் பத்து எண்ணுவதற்குள் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும். அவர் குனிந்து வெகுநேரம் காதை வைத்திருந்தார். கல் பாறையில் மோதிக் கடகடவென்று உருண்டு போகிற சத்தம்தான் வந்தது. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். மாரித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க, நீங்க என்ன செய்வீக" என்றாள்.

செடி ஒன்பது நாள் தாக்குப் பிடித்தது. பூ கொட்டியது, பிஞ்சு சுருண்டது, பிறகு இலையும் கொட்டியது. அதே வாரம் சூலக்கரையில் இயக்ககத்துக்குச் சிறந்த கிளை என்று கேடயம் கொடுத்த செய்தி பேப்பரில் படத்தோடு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் ஊர் முக்கில் வந்து நின்றது. மாரித்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். பெத்தணன் முக்கு வரைக்கும் கூடவே வந்தார். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இனிமே இந்த வண்டியில ஏறவே மாட்டேன்னு சொன்னீக?" என்றான்.

"எங்க கெணத்துல எண்ணெய் கெடச்சிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு மாரித்தாய் ஏறி உட்கார்ந்தாள்.